மார்ச் மாதம், அதிகாலை 3 மணி, விசுவாசம்: யாராவது பேசுங்களேன்

பேஸ்குரல் | மார்ச் 11, 2025, இரவு 11.40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான்கு வருஷமாக இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் வங்கி வேலை. எந்த வங்கி என்பது வேண்டாம். மார்ச் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று வங்கிக்காரர் இருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். காலை 8.30-க்கு கான்ஃபரன்ஸ் கால். மாலை 5 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு கிளையும் அன்றைய எண்ணைப் போட வேண்டும். டெபாசிட் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை, இன்சூரன்ஸ் பாலிசி எத்தனை என்றுதான் கேள்வி. பூஜ்யம் போட்டால் மேலிடத்திலிருந்து ஒரு கேள்விக்குறி வரும். வேறு ஓர் எழுத்து இருக்காது, வெறும் கேள்விக்குறி. இப்போதெல்லாம் மகளுடைய தமிழ் நோட்டில் கேள்விக்குறியைப் பார்த்தால்கூட வயிறு ஒரு மாதிரி ஆகிறது.

மூன்று வாரமாக அதிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. எழுந்து ஹாலில் உட்கார்ந்து சங்கீதம் வாசிக்கிறேன். வரி ஓடுகிறது, மனசில் ஒன்றும் நிற்பதில்லை. லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வேறு. பெரிய வெள்ளிக்கான பாடகர் பயிற்சி ஆரம்பித்துவிட்டது, பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பகுதியில் நாங்கள் மூன்றே பேர். போன வாரம் நடுவில் மூச்சு தாக்குப்பிடிக்காமல் நான் நிறுத்த, மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெபக்குழுவில் சொன்னேன். ஒரு பெரியவர், “விசுவாசி பயப்படலாமா தம்பி? பயப்படாதே என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறதே, நாளுக்கு ஒன்று” என்றார். அவர் நல்லவர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வரும்போது வங்கிப் பாரத்தோடு ‘எனக்கு விசுவாசம் இல்லை’ என்ற பாரமும் சேர்ந்துகொண்டது.

உங்களுக்கு இப்படி இருந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

ஜெயக்கொடி_கோவை | மார்ச் 12, காலை 6.05

பிரதர், தைரியமாயிருங்கள்! “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” (பிலிப்பியர் 4:13). இதைக் காலையில் எழுந்தவுடன் சத்தமாக ஏழு தடவை அறிக்கை செய்யுங்கள். வாயில் என்ன வருகிறதோ அதுதான் வாழ்க்கையில் வரும். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று எழுதுவதையே நிறுத்துங்கள். அது பிசாசுக்கு நாமே நாற்காலி போட்டுக் கொடுப்பது. இந்த மார்ச்சில் உங்கள் கிளைதான் முதலிடம், ஆமென்.

வார்டு_சிஸ்டர் | மார்ச் 12, காலை 7.30

நைட் ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். பேஸ்குரல் அண்ணா, வயசு என்ன? சுகர், பிரஷர் உண்டா? வீட்டில் யாருக்காவது ஹார்ட் பிரச்சினை வந்திருக்கிறதா? நெஞ்சில் ஆள் உட்கார்ந்த மாதிரி என்று ஒருவர் சொன்னால், வார்டில் நாங்கள் முதலில் வேதவசனம் தேடுவதில்லை, ஈ.சி.ஜி. மெஷினைத்தான் தேடுவோம். ஜெபம் பண்ணிக்கொண்டே எடுக்கலாம், வயர் ஒட்டுவதற்கு ஜெபம் இடைஞ்சல் இல்லை. இன்றைக்கே போங்கள். பெர்மிஷன் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ரத்தத்தில் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெயக்கொடி பிரதர், ‘நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லவே கூடாது’ என்பதை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லாமல் இருந்துவிட்டுத் தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தபால்அண்ணாச்சி | மார்ச் 12, காலை 10.15

சிஸ்டர் சொன்னதைச் செய்யுங்க தம்பி. முதலில் அது.

அப்புறம் ஒரு கதை. நான் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 90-களில் ஒரு நாள் மாலை கணக்கு முடிக்கும்போது நாலாயிரம் ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது என் சம்பளத்தில் பாதிக்கு மேல். குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டும், அது போக விசாரணை. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் முழங்காலில் நின்றேன். ‘கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாரத்தை வைத்தேனா, இறுக்கிப் பிடித்துக்கொண்டேனா, இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் வீட்டம்மா, “ஜெபம் எல்லாம் சரி, மணியார்டர் பையை உதறிப் பார்த்தீங்களா?” என்றாள். இல்லை. ராத்திரி 9 மணிக்கு இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். ஸ்டாம்ப் வைக்கிற தகரப் பெட்டியில், ஷீட்டுக்கு அடியில் கட்டு இருந்தது. நானே வைத்ததுதான்.

அவளுக்குப் பிடித்த வசனம் ஒன்று உண்டு, நெகேமியா 4:9. “நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்கள் நிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்.” ஜெபமும் பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள். நடுவில் ‘ஆனாலும்’ கிடையாது, கவனிச்சீங்களா? எங்கள் வீட்டில் இன்னும் ஏதாவது தொலைந்தால் ‘பையை உதறினீங்களா’ என்பதுதான் முதல் கேள்வி.

கேள்விக்காரன் | மார்ச் 12, பகல் 12.50

நான் ஞாயிறு பள்ளி வரை வந்து நின்றுவிட்ட ஆள். ஒரு சந்தேகம். பணம் கிடைக்காமல் போயிருந்தால் அண்ணாச்சி இந்தக் கதையை இங்கே சொல்லியிருப்பாரா? சபைகளில் சாட்சி வேளையைக் கவனித்திருக்கிறேன், எல்லாமே இறந்தகாலம்தான். கடன் இருந்தது, தீர்ந்தது. வியாதி இருந்தது, சுகமானது. ‘இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கும் இருக்கும் போலிருக்கிறது’ என்று மைக்கைப் பிடித்துச் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

தபால்அண்ணாச்சி | மார்ச் 12, பகல் 1.20

நியாயமான கேள்வி தம்பி. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் மூத்தவன் விஷயத்தில் பன்னிரண்டு வருஷமாக ஜெபிக்கிறோம். அதை இங்கே எழுதியதில்லை, பாருங்கள்.

சூரைச்செடி | மார்ச் 12, இரவு 9.10

கேள்விக்காரனுக்கு நன்றி. இரண்டு வருஷம் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு வெளியே வந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்த 365. நாளுக்கு ஒன்று என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கணக்கு வேதத்தில் இல்லை. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகத்தை வைத்து நானே எண்ணிப் பார்த்தேன், பக்கத்தில்கூட வரவில்லை. அதைவிட முக்கியம், ‘பயப்படாதே’ என்பது பெரும்பாலும் பயந்துபோய் நிற்கிற ஆளிடம் சொன்னது. பயப்படாதவனிடம் அதை ஏன் சொல்ல வேண்டும்? அதைக் குற்றச்சாட்டாக வாசிப்பது நம் பழக்கம்.

மைக்கைப் பிடித்து நிகழ்காலத்தில் சொன்ன ஆள் கேட்டீர்கள். பவுல் ஏறக்குறைய அதைச் செய்கிறார். 2 கொரிந்தியர் 1:8-ல், “பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்” வந்தது என்று சபைக்கே எழுதுகிறார். அதுவும், ‘நீங்கள் அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை’ என்ற முன்னுரையோடு. மறைக்க மனமில்லையாம்! மூன்று வசனம் தள்ளி ஜெப உதவி கேட்கிறார். 88-ம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே. கடைசி வரியும் இருட்டில்தான் முடிகிறது, விடியவே இல்லை. அதையும் சங்கீதப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஜெயக்கொடி பிரதர் சொன்ன பிலிப்பியர் 4:13 எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பவுல் சிறையில் இருந்துகொண்டு எழுதிய கடிதம். முந்தின வசனத்தில் “தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்” என்று, பட்டினியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் ‘எல்லாவற்றையும்’ என்கிறார். முதலிடம் வருவதற்கான வசனம் இல்லை அது, கடைசி இடம் வந்தாலும் நிற்பதற்கான வசனம். பிந்தின வசனத்தை யாரும் காலண்டரில் போடுவதில்லை: “ஆயினும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது.” பெலன் உண்டு என்று சொன்ன அதே மூச்சில், நீங்கள் உதவியது நல்லதாய்ப் போயிற்று என்கிறார்.

பிரசங்கிகளில் ஸ்பர்ஜனை எல்லோருக்கும் தெரியும். 1856 அக்டோபரில் லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கித்தபோது யாரோ ‘தீ’ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்துபோனார்கள். தீ எதுவும் பற்றவில்லை. அவருக்கு அப்போது வயது 22. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு விட்டு விட்டு வந்தது, தன் மாணவர்களிடம் அதை ஒளிக்காமல் பேசினார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு தைரியம்?

என் புனைபெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எலியா, சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டான். தூதன் வந்து கண்டிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். பேச்சு எல்லாம் அப்புறம். அடை என்று நம் வேதத்தில் எழுதியிருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம். பேஸ்குரல், ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

ஜெயக்கொடி_கோவை | மார்ச் 12, இரவு 10.30

படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ஆனால்’ வைத்திருக்கிறீர்கள். சிஸ்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், டாக்டரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் ஏன் சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

2020 ஊரடங்கில் எனக்கு பனியன் ஜாப் வொர்க் யூனிட் இருந்தது. எட்டு மெஷின். ஆர்டர் நின்றது, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், ஈ.எம்.ஐ. மட்டும் போகவில்லை. தினம் காலையில் போய் ஷட்டரைத் தூக்கி, மெஷின் மேல் தூசி தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அமைதியில் மனசு பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. அதைவிடச் சத்தமாக எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அந்த வசனத்தைக் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்து மெஷின் விற்றுப் போனது, மூன்று நின்றது. முதலிடம் எல்லாம் வரவில்லை, இருக்கிறேன்.

சூரைச்செடி | மார்ச் 12, இரவு 10.55

பிரதர், மன்னிக்க வேண்டும். நீங்கள் அந்த வசனத்தை நான் வாசித்ததைவிடச் சரியாக வாசித்திருக்கிறீர்கள்.

மட்டுறுத்துநர் | மார்ச் 13, காலை 8.00

இழையோடு தொடர்பில்லாத மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உபவாச ஜெப விளம்பரங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

பொதுவாக ஒரு தகவல்: தூக்கமின்மை, நெருக்கடி, சாகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் எதுவாக இருந்தாலும் பேசுவதற்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104. இரண்டும் எந்த நேரமும் இயங்குபவை, தமிழிலேயே பேசலாம்.

தூத்துக்குடி_மருமகள் | மார்ச் 13, பகல் 3.15

நான் கத்தோலிக்கர். உங்கள் ஜெபம் எங்களுக்குச் செபம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்து உள்ளே வருகிறேன்.

பேஸ்குரல் அண்ணனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் வாசித்தபோது முதலில் வந்த நினைப்பு, உங்களுக்கு மார்ச் 31 என்று ஒரு தேதி இருக்கிறது. எனக்கு எந்தத் தேதி?

மாமியாருக்கு மறதி நோய். ஆறாவது வருஷம். என்னைச் சில நாள் ‘அக்கா’ என்பார், சில நாள் வேலைக்காரி என்று நினைத்து விரட்டுவார். “கோயில் மணி அடிச்சிட்டா?” என்று ஒரு மணி நேரத்துக்கு இருபது தடவை கேட்பார். அடிச்சாச்சு அத்தை என்றால் போதும், ஒரு நிமிஷம் அமைதி, திரும்பவும் அதே கேள்வி. ஒரு நாள் நான் அந்த ஸ்டீல் டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டேன். அவர் பயந்துபோய் ஒரு குழந்தை மாதிரி என் கையையே பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட, போனேன். ஃபாதர் அபராதமாகச் செபம் எதுவும் கொடுக்கவில்லை. “வாரத்தில் எத்தனை மணி நேரம் நீ தூங்குகிறாய்?” என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து மரியாயின் சேனை என்ற பக்த சபைப் பெண்கள் இரண்டு பேர் வியாழன்தோறும் 2 மணிக்கு வந்து அத்தையோடு உட்கார்ந்து செபமாலை சொல்கிறார்கள். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். இன்று வியாழன். இன்று தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்குத் திட்டுங்கள்.

மகன்களின் பெயர் மறந்துவிட்டது அத்தைக்கு. ஆனால் அந்தப் பெண்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினால், பதிலுக்குப் பழைய படியே ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று ஒரு எழுத்து பிசகாமல் சொல்கிறார். இந்த நிமிஷம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வார்டு_சிஸ்டர் | மார்ச் 13, மாலை 4.00

போனை வைத்துவிட்டுப் படுங்கள் அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

தபால்அண்ணாச்சி | மார்ச் 13, மாலை 6.40

மருமகளே, உன் பதிவை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார்கள். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான். இருபது வருஷம். அதைப் பிரசங்கத்தில் சொல்லும்போது படுக்கையில் இருந்தவரைத்தான் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உன் பதிவுக்குப் பிறகு அது உறைக்கிறது.

கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தம் சொல்வார்கள். எங்கள் ஊரில் வாகை மரச்செக்கு இருந்தது. எள் ஆடும்போது நடுவில் கருப்பட்டியைப் போடுவார்கள், போட்டால்தான் எண்ணெய் பிரிந்து வரும்…

கேள்விக்காரன் | மார்ச் 13, மாலை 6.55

அண்ணாச்சி பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார், காணிக்கைப் பையை ரெடி பண்ணுங்கள்.

தபால்அண்ணாச்சி | மார்ச் 13, இரவு 7.05

சரிப்பா, நிறுத்திட்டேன். கருப்பட்டி போடுவது மட்டும் நிஜம்.

பேஸ்குரல் | மார்ச் 14, அதிகாலை 3.25

ஈ.சி.ஜி. நார்மல். பிரஷர் 150/100, மாத்திரை எழுதியிருக்கிறார். தைராய்டு ரிசல்ட் நாளைக்கு. நன்றி சிஸ்டர். ராத்திரி சாப்பாடு சரியில்லை, அதுவும் உண்மைதான்.

ஆனால் முழுசும் சொல்லாமல் உங்கள் ஆறுதலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அது உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். வயது 61. பனங்காடு கொஞ்சம் விற்ற காசு, 2 லட்சம். பேத்தி கல்யாணத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட வந்தவர். வேட்டி மடிப்பில் மஞ்சள் பைக்குள் சுருட்டி வைத்திருந்தார். அன்று மாலை 4.20, குரூப்பில் போட எண் இல்லை. “டெபாசிட்டைவிட இது நல்லது தாத்தா” என்று பாலிசி போட வைத்தேன். வருஷாவருஷம் 2 லட்சம், ஐந்து வருஷம் கட்ட வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. கையெழுத்து போடுவதற்கு முன் அவர் கேட்டார்: “நீங்க சர்ச்சுல பாடுற தம்பிதானே? நீங்க சொன்னா சரிதான்.”

பாலிசி பத்திரம் அவர் கைக்குப் போனது மார்ச் 4. கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஃப்ரீ லுக் காலம் என்று பெயர். முன்பு பெரும்பாலும் 15 நாளாக இருந்தது, போன வருஷம்தான் 30 ஆக்கினார்கள். 3 மணிக்கு எழுந்து நான் என்ன செய்கிறேன் தெரியுமா? சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் எண்ணுகிறேன். இன்னும் 20 நாள். அது சீக்கிரம் முடிந்துவிட்டால் நிம்மதி என்று ஒரு மனசு. முடிவதற்குள் அவர் வந்துவிட வேண்டும் என்று ஒரு மனசு. ரத்தானால் என் எண்ணில் கழியும், மார்ச்சில் கழிந்தால் கேள்விக்குறி இல்லை, போனே வரும்.

இதற்கு எந்த வசனத்தை அறிக்கை செய்வது?

ஜெயக்கொடி_கோவை | மார்ச் 14, காலை 6.00

பிரதர். இதற்கு என்னிடம் வசனம் இல்லை. நீங்கள் எழுதியதே அறிக்கைதான்.

சூரைச்செடி | மார்ச் 14, காலை 7.45

கலாத்தியர் 6-ல் ஒரு வேடிக்கை உண்டு. 2-ம் வசனம் ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்கிறது. மூன்றே வசனம் தள்ளி, 5-ல் ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறது. தமிழில் இரண்டுக்கும் பாரம் என்றே இருக்கிறது, கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தேன், அப்போது புரியவில்லை. கான்ஃபரன்ஸ் கால், கேள்விக்குறி, டார்கெட், இதெல்லாம் ஒரு கூட்டமே சேர்ந்து உங்கள் தலையில் ஏற்றியது. அதை எங்களிடம் இறக்கி வைக்கலாம். அந்த மஞ்சள் பை உங்களுடையது. எங்களால் தூக்க முடியாது.

உங்கள் 3 மணி முழிப்பு விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நேற்றுவரை உங்களை அமைதிப்படுத்தத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்லவேளை, நீங்கள் அமைதியாகவில்லை.

வார்டு_சிஸ்டர் | மார்ச் 14, காலை 8.10

கடுமையாக எழுதாதீர்கள் சூரைச்செடி அண்ணா, பிரஷர் 150 இருக்கிற ஆள். மாத்திரையைக் காலையில் ஒரே நேரத்தில் போடுங்கள் அண்ணா, நடுவில் நீங்களாக நிறுத்தக்கூடாது. அந்தத் தாத்தா வீடு தூரமா?

கேள்விக்காரன் | மார்ச் 14, காலை 9.30

வேலை போனால் இங்கே இருக்கிற யாரும் ஈ.எம்.ஐ. கட்டப் போவதில்லை, அதையும் யோசியுங்கள். நான் மதத்துக்காகச் சொல்லவில்லை. ரத்துக் கடிதத்தை வாடிக்கையாளரே தன் கைப்பட எழுதிக் கொடுப்பது அவருடைய உரிமை. அவருக்கு அந்த உரிமை இருப்பதைச் சொல்வதற்காக உங்களை வேலையை விட்டுத் தூக்க முடியாது. எதுவாக இருந்தாலும் தேதி போட்டு, நகல் எடுத்து வையுங்கள். அண்ணாச்சி மொழியில் சொன்னால், காவல் வையுங்கள்.

பேஸ்குரல் | மார்ச் 16, ஞாயிறு, பகல் 2.30

ஆராதனை முடிந்து நேரே அங்கே போனேன். 14 கிலோமீட்டர். மனைவியும் வந்தாள், தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். வண்டி ஓட்டும்போது நீளமாக ஜெபிக்க வரவில்லை. ராஜா கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் நடுவில் நெகேமியா ஒரு ஜெபம் பண்ணினானே, அந்த அளவுதான். ‘ஆண்டவரே, வாய் குழறாமல்’ என்று மட்டும்.

பெரியவர் வாசலில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பாலிசிப் பத்திரம் உறை பிரிக்காமல் சாமிபடத்துக்குப் பின்னால் இருந்தது. (அவர்கள் இந்துக்கள், முதலில் எழுத விட்டுப்போயிற்று.) முழுசும் சொன்னேன். ஐந்து வருஷம், பத்து லட்சம், நான் மறைத்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். முடைவதை நிறுத்தவில்லை. கடைசியில், “அப்போ பேத்தி கல்யாணத்துக்குக் காசு இருக்கா, இல்லையா?” என்றார். இருக்கிறது தாத்தா என்றேன். “பொறவு எதுக்கு இந்த வெயில்ல?” என்றார். மன்னித்தாரா, விஷயம் புரியவில்லையா, தெரியவில்லை. அவர் மகள் மட்டும் உள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வை நன்றாகப் புரிந்தது. மோர் கொடுத்தாள், டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

கடிதம் மகள் எழுதினாள், பெரியவர் கையெழுத்து. நகல் எடுத்தாயிற்று கேள்விக்காரன்.

தூத்துக்குடி_மருமகள் | மார்ச் 16, இரவு 8.20

டம்ளர் சத்தமாக வைக்கிற பெண்களை எனக்குப் பிடிக்கும்.

ஜெயக்கொடி_கோவை | மார்ச் 17, காலை 6.10

இன்று 8.30 கால் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உங்களுக்காக ஜெபிப்பேன் பிரதர். சத்தமாகத்தான்.

பேஸ்குரல் | மார்ச் 17, இரவு 10.00

போன் வந்தது. பதினோரு நிமிஷம். அங்கே சொன்ன சொற்களை எழுதவில்லை. ‘விவரம் தெரிந்த பிறகு இதே மாதிரி இன்னொரு பாலிசி என்னால் போட முடியாது சார், எழுதித் தருகிறேன்’ என்றேன். குரல் நடுங்கியது. தைரியமாகப் பேசினேன் என்று சாட்சி சொல்ல முடியாது, கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. எழுதியும் கொடுத்தேன். 5 மணிக்குக் குரூப்பில் பூஜ்யம் போட்டேன்.

தைராய்டு நார்மல்.

சூரைச்செடி | மார்ச் 17, இரவு 10.20

தானியேலில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளையில் போடப்பட்ட அந்த மூன்று பேர் சொன்ன ‘விடுவிக்காமற்போனாலும்’ என்ற சொல்லை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கால் ஆடியதா என்று அங்கே எழுதவில்லை. ஆடியிருக்கும்.

பேஸ்குரல் | ஏப்ரல் 22, இரவு 9.15

ஈஸ்டர் வாழ்த்துகள், தாமதமாக. கேட்டவர்களுக்கு நிலவரம்.

பணம் ஏப்ரல் முதல் வாரத்தில் பெரியவர் கணக்குக்கு வந்தது. முத்திரைத்தாள் செலவு, இருந்த நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கழித்திருந்தார்கள். அதை நான் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தார், மகள் இந்தத் தடவை டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

எங்கள் கிளை இந்த வருஷம் கடைசியிலிருந்து இரண்டாவது. எனக்கு இடமாறுதல் வந்துவிட்டது, ஜூன் முதல். 60 கிலோமீட்டர் தள்ளி, தென்காசிப் பக்கம். தண்டனையா என்று கேட்டால் ‘நிர்வாகக் காரணம்’ என்று இருக்கிறது. மகள் பள்ளி மாற வேண்டும், மனைவி இரண்டு நாளாகப் பாத்திரங்களோடுதான் பேசுகிறாள். 3 மணி முழிப்பு வாரத்துக்கு ஐந்து நாளாக இருந்தது இப்போது ஒன்றோ இரண்டோ. போன வருஷம் ஈஸ்டர் மார்ச் 31-ல் விழுந்து, கணக்கு முடிப்புக்காக அன்றைக்கும் கிளையைத் திறந்து வைத்திருந்தோம். இந்த வருஷமாவது முழுசாகப் பாட முடிந்தது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதற்கு மூச்சு தாக்குப்பிடித்தது. ஆறாவதில் கொஞ்சம் தவறினேன், மற்ற இருவரும் தூக்கிவிட்டார்கள்.

சிஸ்டர், பிரஷர் 130/86. மாத்திரை தொடர்கிறது.

வார்டு_சிஸ்டர் | ஏப்ரல் 22, இரவு 9.40

நல்லது அண்ணா. கருப்பட்டிக் காப்பி ஒரு வேளை போதும், பெட்டி நிறைய இருக்கிறது என்று குடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

தபால்அண்ணாச்சி | ஏப்ரல் 22, இரவு 10.05

மருமகளே, நீ ஒரு மாதமாக எழுதவில்லை. அத்தை எப்படி?

தூத்துக்குடி_மருமகள் | ஏப்ரல் 23, பகல் 1.50

அப்படியேதான் அண்ணாச்சி. ஒரு தேதியும் இல்லை. ஈஸ்டர் ராத்திரி மணி நிஜமாகவே அடித்தது, அப்போது மட்டும் கேட்கவில்லை, தூங்கிவிட்டார். நாளைக்கு வியாழன்.

ஜெயக்கொடி_கோவை | ஏப்ரல் 23, இரவு 8.30

பேஸ்குரல் பிரதர், தென்காசிப் பக்கம் என்றீர்களே. என் மச்சினன் வீடு அங்கேதான், மாடி போர்ஷன் சித்திரை முடிந்தால் காலியாகிறது. இரண்டு ரூம், ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், பெண் பிள்ளைகள் பள்ளி நடந்து போகிற தூரம். அட்வான்ஸ் விஷயம் நான் பேசிக்கொள்கிறேன். நம்பரைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், உங்கள் வீட்டு சிஸ்டரிடம் போனைக் கொடுத்து அவர்களையே பேசச் சொல்லுங்கள். மாடிப்படி மட்டும் கொஞ்சம் செங்குத்து, பீரோ ஏற்ற நாலு ஆள் வேண்டும்.